சிலிம்மிங் காப்பிக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

கெடாவில் பாடாங் செராய் பக்கம் ஒரு தாமானிலிருந்து (வீடமைப்புப் பகுதி) 36 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பிறந்து வளர்ந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில். பாட்டியும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறிய பிறகு குடும்பம் தாமானுக்கு வந்துவிட்டது. இவருக்குக் கூலிம் ஹை-டெக் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டர் வேலை. 12 மணி நேர ஷிப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு என்று மாறி மாறி வரும். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. கணவர் லாரி ஓட்டுகிறார், வயது 42. 11 வயதில் மகள், 8 வயதில் மகன், 4 வயதில் கடைக்குட்டி. மாமியாரும் கூடவே இருக்கிறார். அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), மாத்திரை சாப்பிடுகிறார்.

"கல்யாணத்தின்போது 54 கிலோ இருந்தேன். இப்போது 78. உயரம் 155 சென்டிமீட்டர். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சோறு சாப்பிடுகிறேன், அப்படியும் ஏறிக்கொண்டே போகிறது" என்கிறார். லைனில் கூட வேலை செய்யும் தோழி 120 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பெட்டி சிலிம்மிங் காப்பி, அதாவது எடை குறைக்கும் காப்பி, விற்றிருக்கிறார். மூன்று வாரம் குடித்ததில் 4 கிலோ குறைந்தது. ஆனால் நெஞ்சு படபடத்தது, வாய் வறண்டது, தூக்கம் வரவில்லை. நிறுத்தியதும் 5 கிலோ ஏறிவிட்டது. "உடம்பு சுத்தமாகும்போது அப்படித்தான் இருக்கும், இரண்டாவது பெட்டியில் சரியாகிவிடும்" என்கிறாராம் தோழி. இதைத் தொடரலாமா, சோற்றை அடியோடு விட்டுவிடலாமா என்று கேட்கிறார். குறைத்துச் சாப்பிட்டால் மாமியார் முகம் வாடுவதற்கும் கணவர் கேலி பேசுவதற்கும் என்ன செய்வது என்றும் கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: "எனக்குக் கட்டுப்பாடு இல்லை டாக்டர், அதுதான் உண்மை."

அன்புச் சகோதரிக்கு,

எடைக்கு வருவதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்களைப் பேசியாக வேண்டும். ஒன்று, அந்தக் காப்பியைக் குடித்த நாட்களில் வந்த நெஞ்சுப் படபடப்பு. இன்னொன்று, கடைக்குட்டி வயிற்றில் இருந்தபோது இனிப்பு நீர் இருந்தது, "பிள்ளை பிறந்ததும் போய்விட்டது, அதற்கப்புறம் பார்க்கவில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பது. ஒரு மருத்துவராக எனக்கு 78 கிலோவைவிட இந்த இரண்டும்தான் அதிகக் கவலை தருகின்றன.

முதலில் அந்தக் காப்பி

மறுபடி குடிக்க வேண்டாம். மிச்சம் இருக்கும் பாக்கெட்டுகளை வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

சிபுட்ராமின் என்று பசியை அடக்கும் ஒரு மருந்து முன்பு விற்பனையில் இருந்தது. அதைச் சாப்பிட்ட இதய நோயாளிகளிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது ஆய்வில் தெரிந்ததும், 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மலேசியாவிலும் அதற்கு அனுமதி இல்லை. ஆனாலும் எடை குறைக்கும் காப்பி, ஜூஸ் தூள், மூலிகை மாத்திரை என்று விற்கப்படும் பொருள்களில் அதைத் திருட்டுத்தனமாகக் கலக்கிறார்கள். நம் சுகாதார அமைச்சு இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. பெட்டியின் மேல் அந்தப் பெயர் இருக்காது. மூலிகைப் பெயர்கள்தான் இருக்கும்.

நீங்கள் குடித்த காப்பியில் அது இருந்ததா என்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் படபடப்பு, வாய் வறட்சி, தூக்கமின்மை மூன்றும் அந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்க விளைவுகள். ரத்தக் கொதிப்பையும் அது ஏற்றும். உடம்பு சுத்தமாவதற்கு இதயம் வேகமாக அடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அதைச் சுத்தம் செய்ய ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, ஒரு நாளும் லீவு எடுக்காமல் வேலை பார்க்கின்றன.

4 கிலோ குறைந்ததே என்பீர்கள். பசி அடங்கியதால் மூன்று வாரம் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. போனதில் பாதிக்குமேல் தண்ணீரும் தசையுமாகக்கூட இருந்திருக்கலாம். நிறுத்தியதும் பசி திரும்புகிறது, திரும்பி வரும் எடை பெரும்பாலும் கொழுப்பாக வருகிறது. இன்னொரு பெட்டி வாங்கினாலும் இதேதான் நடக்கும், இதயத்துக்கு இன்னொரு தடவை சோதனை.

உங்கள் தோழி கெட்ட எண்ணத்தில் விற்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் முதல் போட்டுப் பெட்டிகளை வாங்கி வைத்திருப்பார், அவரும் குடித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கும் இதைச் சொல்லுங்கள். மருந்தாகவோ பாரம்பரிய மருந்தாகவோ விற்கும் எந்தப் பொருளிலும் "எம்ஏஎல்" என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். காப்பி உணவுப் பொருள் என்பதால் அந்த எண் தேவையில்லை. இந்த ஓட்டைக்குள் புகுந்துதான் வியாபாரம் நடக்கிறது. பெட்டியில் வேறு என்ன முத்திரைகள் இருந்தாலும், மாதம் 4 கிலோ குறையும் என்று வாக்குக் கொடுக்கும் காப்பியை நம்பாதீர்கள். ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) மருந்தாளரிடம் காட்டுங்கள். யாரிடம் வாங்கினீர்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நிறுத்திய பிறகும் படபடப்பு தொடர்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நான்கு வருடமாகப் பார்க்காத சர்க்கரை

கர்ப்பகால இனிப்பு நீர் பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடுவது உண்மைதான். அதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. அந்த இனிப்பு நீர் வந்த பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தர இனிப்பு நீர் வரும் வாய்ப்பு, வராத பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம். பிரசவமாகி 6 வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து ஒரு பரிசோதனை செய்ய வேண்டும், அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. கைக்குழந்தையோடு பாந்தாங் (பிரசவத்துக்குப் பிந்தைய ஓய்வு) முடிந்து வேலைக்கு ஓடும் அவசரத்தில் இது விட்டுப்போகிறது. உங்களைப் போல எத்தனையோ தாய்மார்கள் விட்டிருக்கிறார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. மற்ற இனங்களைவிட நமக்குத்தான் அதிகம். நம் உடம்பு வாகில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. அதனால்தான் இங்கே பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 27.5ஐத் தொட்டால் உடல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் பிஎம்ஐ 32க்கு மேல் வருகிறது. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. தையல் டேப்பில் தொப்புள் மட்டத்தை ஒட்டி நீங்களே அளந்துகொள்ளலாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நல்ல செய்தியும் இருக்கிறது. இனிப்பு நீர் வரும் எல்லைக்கோட்டில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. அதில் ஒரு பிரிவினர் தங்கள் எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதையும் இலக்காக வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இனிப்பு நீர் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் கணக்கில் 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ. 54 கிலோவுக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பிள்ளை பெற்ற உடம்பை 22 வயது எண்ணோடு ஒப்பிட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். முதல் இலக்கு 72, 73 கிலோ. அதுவும் ஆறு மாதத்தில்.

தைராய்டாக இருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரத்தம் எடுக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லலாம். இன்னொன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கர்ப்பத்தடை ஊசி போட்டுக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். அந்த ஊசி சில பெண்களுக்கு எடையை ஏற்றும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். "எனக்கு எடை ஏறுகிறது, வேறு முறைக்கு மாறலாமா" என்று கிளினிக்கில் கேளுங்கள். மாற்று வழிகள் இருக்கின்றன.

கட்டுப்பாடு இல்லை என்றீர்களே

உங்கள் இரவு ஷிப்ட் நாளை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாலை ஐந்தரைக்குப் பிள்ளைகளுக்குப் பசியாற்றிவிட்டு நீங்கள் எதுவும் சாப்பிடாமல் பஸ் ஏறுகிறீர்கள். 11 மணிக்கு ஒரு மூன்று-இன்-ஒன் காப்பி, 3 மணிக்கு இன்னொன்று. மெஷினை விட்டு வர முடியாததால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போய் 4 மணிக்கு கேன்டீனில் மீ கோரெங், மைலோ ஆயிஸ். காலை 8 மணிக்கு இறங்கும் இடத்தில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக். ஒன்பதரைக்குப் படுத்தால் ஒரு மணிக்குக் கடைக்குட்டி எழுப்பிவிடுகிறான். எழுந்து சமைத்து அந்த ஒரு வேளைச் சோறு.

இதில் கட்டுப்பாடு இல்லாத பெண் எங்கே இருக்கிறார்? மூன்றரை மணி நேரம் தூங்கி எழுந்து ஆறு பேருக்குச் சமைக்கிறவர்தான் இருக்கிறார். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறையும். இனிப்பும் எண்ணெயும் கேட்பது உங்கள் மனசின் பலவீனம் அல்ல, தூங்காத உடம்பு அப்படித்தான் கேட்கும். அதோடு, நம் உடம்பில் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் இரவில் குறைவு. மதியம் சாப்பிடும் அதே மீ கோரெங் விடியற்காலை 4 மணிக்கு ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும்.

உங்கள் பாட்டியும் சோறும் கருவாடும் மரவள்ளிக்கிழங்கும்தான் சாப்பிட்டார், அவருக்கு இப்படி எடை போடவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். அவர் விடிவதற்கு முன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி மரம் மரமாக நடந்தவர், பால் வாளி சுமந்தவர். இரவில் தூங்கியவர். நீங்கள் 12 மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். கால் வலிக்கும், ஆனால் அது நடைக்கு ஈடாகாது.

ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன் என்பதில் நீங்கள் பொய் சொல்லவில்லை. சோற்றை மட்டும்தான் சாப்பாடு என்று எண்ணியிருக்கிறீர்கள். ஒரு ரொட்டி சானாய் பருப்புக் குழம்பு இல்லாமலே ஏறக்குறைய 300 கலோரி. தே தாரேக்கிலும் மைலோ ஆயிஸிலும் ஊற்றுவது இனிப்புக் கிரீமர். நீங்கள் எழுதிய நான்கு பானங்களையும் கூட்டினால் சீனி மட்டும் பத்து, பன்னிரண்டு தேக்கரண்டி வரும். ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஆகவே முதலில் கை வைக்க வேண்டியது பானத்தில். "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று கேட்டாலும் தே தாரேக்கில் கிரீமர் இருக்கத்தான் செய்யும். "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேளுங்கள், பால் வேண்டுமென்றால் "தே சி கோசோங்". முதல் வாரம் வாய்க்குப் பிடிக்காது. ஒரே நாளில் முடியாவிட்டால் நாளுக்கு ஒரு இனிப்புப் பானம் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் ஒரு மாதம் செய்தாலே தராசு பதில் சொல்லும்.

சோற்றை என்ன செய்வது

விட வேண்டாம். இரண்டு வாரம் விட்டுப் பார்த்தபோது தலைவலி வந்து, கிரீம் கிராக்கரும் சப்பாத்தியுமாகச் சாப்பிட்டேன் என்கிறீர்கள். சப்பாத்தியும் மாவுச்சத்துதான், பிஸ்கட்டும் அதுதான். மூன்று சப்பாத்தி உருளைக்கிழங்கு மசாலாவோடு சாப்பிட்டால் சோற்றைக் குறைத்ததாக ஆகாது.

சுகாதார அமைச்சின் "சுக்கு சுக்கு செபாரு" தட்டை கிளினிக் சுவரில் பார்த்திருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் வீடுகளில் முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்று இருக்கிறது. சோற்றை எடுப்பதைவிடக் காயைக் கூட்டுவது சுலபம். காங்கோங், சாவி, முருங்கைக்கீரை, வெண்டைக்காய், பயற்றங்காய் எல்லாம் வாரச் சந்தையில் இன்னும் மலிவுதான். காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும், இதற்குச் செலவே இல்லை. கெம்போங் மீனைப் பொரிப்பதற்குப் பதில் புளிக்குழம்பில் போடுங்கள். தேங்காய்ப்பால் குழம்பை வாரத்தில் ஓரிரு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நேரம் இல்லை என்பது உங்கள் பெரிய பிரச்சினை. ஓய்வு நாளில் ஒரு முழு நாளைச் சமையலுக்குக் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை, உங்களுக்கு அந்த நாள் தூங்க வேண்டும். மீனையோ கோழியையோ மசாலா தடவி வேளைக்கு ஒரு பொட்டலமாக ஐஸ்பெட்டியில் வைப்பது, கொண்டைக்கடலையை மொத்தமாக அவித்து வைப்பது, எட்டு முட்டையை ஒரேயடியாக அவிப்பது, இவ்வளவு போதும். காயை நறுக்கி வைக்கும் வேலையைக் கணவரிடம் கொடுக்கலாம். லாரி ஓட்டும் கை கத்தியும் பிடிக்கும்.

இரவு ஷிப்ட் நாட்களுக்கு

அன்றைய பெரிய சாப்பாடு பஸ் ஏறுவதற்கு முன்னால் இருக்கட்டும். மேலே சொன்ன தட்டுப்படி, பிள்ளைகளோடு உட்கார்ந்தே சாப்பிடுங்கள். இந்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றிலும் கடினமானது என்று எனக்குத் தெரியும், அந்த ஒரு மணி நேரத்தில் வீடே உங்களைத் தேடும். இருந்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். நடு இரவு ஓய்வில் வீட்டிலிருந்து கொண்டுபோன இரண்டு அவித்த முட்டையோ, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ, ஒரு பழமோ. அதன்பின் விடியும்வரை தண்ணீர். பசி தாங்காவிட்டால் இன்னொரு பழம். காப்பியை 2 மணியோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் காலையில் தூக்கம் பிடிக்காது. காலையில் வெறும் வயிற்றோடு படுக்க வேண்டாம், சின்னதாக ஒரு பசியாறல் போதும்: ஒரு தோசை சாம்பாரோடு, இல்லாவிட்டால் ஒரு ரொட்டி சானாய், தே ஓ கோசோங். ரொட்டி சானாயே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டை ஒன்றாக்குங்கள்.

சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவது பற்றி ஒரு வார்த்தை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, குறைந்தது 30 நிமிட ஓய்வு இல்லாமல் ஒரு தொழிலாளியைத் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 7 மணிக்கு ஏறியவருக்கு 4 மணிவரை ஓய்வே இல்லை என்றால் அது சரியில்லை. சண்டை போட வேண்டியதில்லை. மெஷினைப் பார்த்துக்கொள்ள மாற்றாள் முறை வைக்கும்படி லைன் லீடரிடம் கேளுங்கள், கூட இருக்கும் பெண்களும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. 2023 ஜனவரி முதல், வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்துமூலம் விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுக்க அவருக்கு உரிமை உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரவு ஷிப்ட் அலவன்ஸ் போய்விடும் என்ற கணக்கும் உங்களுக்கு இருக்கும். ரத்தப் பரிசோதனையில் இனிப்பு நீர் உறுதியானால், மருத்துவர் கடிதத்தோடு நிரந்தரப் பகல் ஷிப்ட் கேட்பதை அப்போது யோசிக்கலாம்.

உடற்பயிற்சிக்கு ஜிம் தேடி அலைய வேண்டாம். உங்கள் தாமானில் இருட்டிய பிறகு நாய்த் தொல்லை என்கிறீர்கள், சரி, அப்போது நடக்க வேண்டாம். சாப்பிட்டபின் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி நடை, நாளுக்கு இரண்டு வேளை. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது பத்து முறை. ஓய்வு நாளில் பிள்ளைகளோடு பள்ளித் திடலில் அரை மணி நேரம். பாதிக் கிணறு இதிலேயே தாண்டியாகிவிடும், மீதியைப் போகப் போகக் கூட்டலாம்.

வீட்டில் இருப்பவர்கள்

மாமியாரிடம் "நான் டயட்டில் இருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். தன் சமையலை ஒதுக்குவதாகத்தான் அது அவர் காதில் விழும். உங்களுக்கு நான் சொன்ன தட்டும் இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடும் அவருக்குத் தேவையான தட்டும் ஒன்றுதான். "அத்தை, டாக்டர் நம் இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு சொல்லியிருக்கிறார், நீங்கள் செய்யும் கீரைக் கூட்டை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் கைப்பக்குவம் உங்களுக்குத் தேவை என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியமாக அவரிடம் ஒரு உதவி கேளுங்கள். நீங்கள் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்த நாட்களில், கடைக்குட்டியை மூன்று மணிவரை அறைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் உடம்புக்கு அந்த இரண்டு மணி நேரத் தூக்கம் நான் எழுதித் தரும் எந்த மருந்தைவிடவும் அவசரமாகத் தேவை.

கணவருடைய கேலி உங்களுக்கு வலிக்கிறது என்பதை அவரிடம் நேராகச் சொன்னதுண்டா? கடிதத்தில் அப்படித் தெரியவில்லை. பலர் கேலியை அக்கறை என்று நினைத்துப் பேசுகிறார்கள். கோபம் இல்லாத ஒரு நேரத்தில், "நீங்கள் அப்படிச் சொன்னால் நான் இன்னும் கூடச் சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். நீங்களே அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் 42 ஆகிறது, நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. உங்கள் குடும்பத்துக்கு அரசின் எஸ்டிஆர் உதவித்தொகை கிடைக்கிறதென்றால், 40 வயது தாண்டியவருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. அவரையும் ரத்தம் பார்க்க அனுப்புங்கள்.

உங்கள் மகளைப் பற்றிய வரியைப் படித்து எனக்கு மனசு கனத்துவிட்டது. 11 வயதுப் பிள்ளை, "நானும் அம்மா மாதிரி குண்டாயிடுவேன்" என்று பசியாறாமல் பள்ளிக்குப் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வளரும் வயது, பூப்பெய்தும் பருவம். அவளுக்கு இரும்புச்சத்தும் புரதமும் தேவைப்படும் நேரம் இது. அவள் காதுபட உங்கள் உடம்பைத் திட்டிக்கொள்வதை இன்றே நிறுத்துங்கள். வீட்டில் எடை என்ற பேச்சே வேண்டாம், தராசைக்கூட அலமாரிக்குள் வையுங்கள். அவளோடு உட்கார்ந்து நீங்களும் ஒரு முட்டையும் ஒரு இட்லியும் சாப்பிடுவதைவிட நல்ல பாடம் வேறு இல்லை. இரண்டு மூன்று வாரத்திலும் அவள் சாப்பாட்டைத் தவிர்ப்பது மாறாவிட்டால் அவளையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

தனியார் கிளினிக்கில் வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது நிஜமான மருந்து, வேலையும் செய்கிறது. உங்கள் பிஎம்ஐக்கு மருத்துவர் அதை யோசிக்கவும் கூடும். ஆனால் மாதாமாதம் பெரும் செலவு, குமட்டல் வரும், நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும், கர்ப்பமாகத் திட்டம் இருந்தால் போடக் கூடாது. கடன் வாங்கி அதைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இணையத்தில் விலை மலிவாக விற்கும் ஊசியை எந்தக் காரணத்துக்கும் வாங்காதீர்கள்.

இந்த ஓய்வு நாளில்

இரண்டு ஓய்வு நாளில் இரண்டாவது நாள் காலை கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். இரவு ஷிப்ட் முடித்த கையோடு போக வேண்டாம், தூங்காத உடம்பில் சர்க்கரை கூடுதலாகக் காட்டலாம். முந்தின இரவு சாப்பிட்டபின் 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். பிரசவ காலத்தில் கொடுத்த பிங்க் புத்தகம் இருந்தால் எடுத்துப் போங்கள், காப்பிப் பாக்கெட் ஒன்றையும் மறக்காமல் வையுங்கள். "கர்ப்பத்தில் எனக்கு இனிப்பு நீர் இருந்தது, அதற்கப்புறம் பார்க்கவில்லை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு மூன்றையும் பார்ப்பார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0 மில்லிமோலைத் தொட்டிருந்தால், எந்தத் தொந்தரவும் தெரியாவிட்டாலும் மறுபடி ரத்தம் எடுத்து உறுதிசெய்யாமல் விட்டுவிட வேண்டாம். அங்கே சத்துணவு அதிகாரி இருக்கும் நாளைக் கேட்டு ஒரு தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் ஷிப்ட் அட்டவணையை அவரிடம் காட்டுங்கள்.

முடிவு வந்ததும் அந்த எண்களோடு எனக்கு எழுதுங்கள். மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்பதை அதைப் பார்த்த பிறகு பேசலாம்.